காசிமேடு-3, குறியீடு 1017: ஒரு லாக் வரியின் பின்னால்

எல்லாம் எங்கள் லாக்கின், அதாவது ப்ரோகிராம் நடந்ததை எழுதி வைக்கும் பதிவேட்டின், இந்த ஒரு வரியில் இருக்கிறது. அதனால் முதலிலேயே காட்டிவிடுகிறேன்.

காசிமேடு-3: படிக்க முடியவில்லை, குறியீடு 1017: அன்னோன் எர்ரர் 1041

அன்னோன் எர்ரர் என்றால் தெரியாத பிழை. ஒரே வரி, ஒரே கோளாறு, ஆனால் எண் இரண்டு. 1017 என்றால் அறைக்கு மின்சாரம் வரவில்லை. 1041 என்றால் வெப்பநிலை ப்ரோபின் வயர் கழன்றிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடாது என்றில்லை. ஆனால் எங்கள் கோடில் இந்த வரியை எழுதும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு மாறி. அதை முதலில் எண்ணாக எழுதுகிறோம். பிறகு அதே மாறியை, பிழை எண்ணை வார்த்தையாக்கும் ஸ்ட்ரெரர் (strerror) ஃபங்ஷனிடம் கொடுத்து, அது தரும் செய்தியை எழுதுகிறோம். உள்ளே போனது 1017. வெளியே வந்தது 1041.

இது எப்படி நடந்தது, முதல் முறை சரிசெய்தபோது எங்கே வழுக்கினோம், கடைசியில் என்ன செய்தோம் என்று முழுவதையும் எழுதி வைக்கிறேன். சி, சி++ எழுதும் பலருடைய கோடிலும் இந்த வரி அப்படியே இருக்கும் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

மழை பெய்த மாலை

பெருங்குடியில் இருந்து வேலை செய்யும் சின்னக் குழு எங்களுடையது. சென்னையைச் சுற்றியுள்ள குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிப்பதுதான் வேலை. காசிமேட்டில் மீன், கோயம்பேட்டில் பழம், மாதவரம் பக்கம் பால் பொருட்கள். அறைக்கு ஒரு ப்ரோப், கதவுக்கு ஒரு சென்சார், பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டி சிம் கார்டு வழியாக எங்கள் செர்வரோடு பேசும். செர்வரில் சி++ல் எழுதிய ஒரே ப்ரோகிராம் ஓடுகிறது, அதில் அறைக்கு ஒரு த்ரெட், அதாவது மற்றவற்றோடு ஒரே சமயத்தில் ஓடும் தனி வேலைச் சரடு. பெட்டியோடு பேசும் லைப்ரரியை அதைத் தயாரித்தவர்களே கொடுத்தார்கள். சோர்ஸ் கிடையாது, கம்பைல் செய்த ஃபைல் மட்டும். ஏதாவது தவறினால் 1000க்கு மேல் ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும்.

நவம்பர் மாதம். மாலை ஆறு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. வடசென்னையில் சில இடங்களிலும் கோயம்பேடு பக்கமும் கரண்ட் போய்ப் போய் வந்தது. எங்கள் திரையில் சிவப்பு எச்சரிக்கைகள் வரிசையாக ஏறின. அவற்றில் ஒன்று: காசிமேடு-3, ப்ரோப் வயர் கழன்றிருக்கிறது.

ப்ரோப் கோளாறு என்றால் நடைமுறை எளிது. கள ஊழியர் புது ப்ரோப் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். அவசரம் இல்லை, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அளவு மட்டும்தான் தெரியாது. மின்சாரம் இல்லை என்றால் கதையே வேறு. கிடங்குக்காரருக்கு உடனே போன் போட்டு ஜெனரேட்டரைப் போடச் சொல்ல வேண்டும். திரை ப்ரோப் என்று சொன்னதால் யாரும் போன் போடவில்லை. கள ஊழியர் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த மழையில் கிளம்பினார். போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அங்கிருந்து எனக்குத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, ப்ரோப் நல்லாத்தான் இருக்கு. இங்க கரண்டே இல்ல. கம்ப்ரஸர் நின்னு எவ்ளோ நேரம் ஆச்சோ தெரியல, கதவத் தொறந்தா உள்ள வெதுவெதுன்னு இருக்கு."

"அண்ணே, திரையில ப்ரோப்னுதான் வந்துச்சு."

"அது வந்துச்சு. இங்க வந்து பாரு."

கிடங்குக்காரர் ஓடி வந்து பெட்டிகளுக்கு ஐஸ் கொட்டி, ஜெனரேட்டரைப் போட்டு, பெரும்பாலான மீனைக் காப்பாற்றிவிட்டார். எல்லாவற்றையும் அல்ல. அவர் எங்களைத் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று இரவு லாக்கைத் திறந்து உட்கார்ந்தேன்.

சந்தேகம் போன வழி

முதலில் சந்தேகப்பட்டது பெட்டியைத்தான். மழை, ஈரம், தவறான எண்ணை அனுப்பியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மேலே காட்டிய வரியைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. குறியீடு என்ற இடத்தில் 1017 என்று சரியாகவே இருந்தது. பெட்டி உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதை நாங்கள் வார்த்தையாக்கிய இடத்தில்தான் பொய்யாகிவிட்டது.

அப்படியானால் திரை ஏன் 1017ஐ எடுத்துக்கொள்ளவில்லை? இங்கே எங்கள் பழைய பிழை ஒன்று இருந்தது. ஆரம்ப காலத்தில் லாக்கில் குறியீட்டைத் தனியாக எழுதவில்லை, செய்தியை மட்டும்தான் எழுதினோம். திரைக்கான ப்ரோகிராம் அந்தச் செய்தியின் கடைசியில் இருக்கும் எண்ணைப் பிய்த்து எடுத்துத்தான் எது என்ன கோளாறு என்று முடிவு செய்தது. பிற்பாடு குறியீட்டையும் எழுதத் தொடங்கினோம், ஆனால் திரைப் பக்கத்தை யாரும் மாற்றவில்லை. மனிதர் படிப்பதற்காக எழுதிய வாக்கியத்தை ஒரு ப்ரோகிராம் படித்து முடிவெடுத்துக்கொண்டிருந்தது.

1041 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அதே நொடியில் இன்னொரு வரி இருந்தது: கோயம்பேட்டில் ஓர் அறை, குறியீடு 1041, செய்தி 1041. அங்கே உண்மையிலேயே ப்ரோப் வயர் கழன்றிருந்தது. கோயம்பேட்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தி காசிமேட்டின் வரியில் ஏறிவிட்டது. இரண்டு த்ரெட்கள், ஒரே நொடி.

பழைய லாக்குகளையும் அலசினேன். குறியீடும் செய்தியும் ஒத்துப்போகாத வரிகள் ஏற்கெனவே அங்கங்கே இருந்தன. எல்லாமே ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளில் ஒரே சமயத்தில் கோளாறு வந்த நேரங்கள். ஒரே ஓர் அறை மட்டும் மக்கர் செய்த நாட்களில் ஒரு வரிகூடத் தப்பாக இல்லை.

ஒரே சிலேட்டு

ஸ்ட்ரெரர் செய்யும் வேலை சின்னது. பிழை எண்ணைக் கொடுத்தால் அதற்கான செய்தி இருக்கும் இடத்தின் முகவரியை, அதாவது ஒரு பாயின்டரை, தரும். லினக்ஸில் 2 என்று கொடுத்தால் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று வரும். 28 என்றால் டிஸ்க்கில் இடமில்லை, 111 என்றால் எதிர்முனை இணைப்பை மறுத்துவிட்டது. கேள்வி இதுதான்: அந்தச் செய்தி யாருடைய இடத்தில் இருக்கிறது?

லினக்ஸில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் சி லைப்ரரியான ஜிலிப்சியில், தெரிந்த எண்களுக்குச் செய்திகள் மாறாத அட்டவணையில் இருக்கின்றன. 28ஐ நூறு த்ரெட்கள் கேட்டாலும் பிரச்சினை இல்லை, எல்லோருக்கும் ஒரே மாறாத வாக்கியத்தின் முகவரி கிடைக்கும். அட்டவணையில் இல்லாத எண் வந்தால்தான் சிக்கல். அப்போது "அன்னோன் எர்ரர்" என்ற சொற்களையும் எண்ணையும் சேர்த்துப் புதிதாக ஒரு வாக்கியம் கட்ட வேண்டும், கட்ட ஓர் இடம் வேண்டும். 2.31 வரையிலான ஜிலிப்சியில் அந்த இடம் ப்ரோகிராம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. முதல் முறை தேவைப்படும்போது நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மல்லாக் மூலம் 1024 பைட் வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு யார் கேட்டாலும் அதிலேயே அழித்து எழுதும்.

ஒரு அலுவலகத்தில் விசாரணைக்கு ஒரே ஒரு சிலேட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டதும் குமாஸ்தா பதிலை அதில் எழுதி, "அதோ, அங்கே பாருங்கள்" என்று கை காட்டுகிறார். நீங்கள் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அடுத்தவர் கேட்கிறார். குமாஸ்தா அழித்துவிட்டு அவருக்கான பதிலை எழுதுகிறார். நீங்கள் படிப்பது அவருடைய பதில்.

எங்கள் கோடில் அந்தக் கண்ணாடி மாட்டும் நேரம் மிக நீளமாக இருந்தது. லாக் எழுதும் ஃபங்ஷன், வரிகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க ஒரு மியூட்டெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை, பிடிக்கும். ஸ்ட்ரெரர் அழைக்கப்படுவதோ அதற்கு முன்பே, லாக் ஃபங்ஷனுக்கு மதிப்புகளைக் கொடுக்கும் கட்டத்தில். அதாவது பாயின்டரைக் கையில் வைத்துக்கொண்டு த்ரெட் மியூட்டெக்ஸ் வாசலில் வரிசையில் நிற்கிறது. தன் முறை வந்து எழுத்துகளைப் பிரதி எடுக்கும்போது சிலேட்டில் வேறு யாருடைய எண்ணோ இருக்கிறது. அமைதியான நாளில் வரிசையே கிடையாது, அதனால் எதுவும் தெரியாது. பத்து இடத்தில் கரண்ட் போகும் மழை மாலையில்தான் வரிசை நீளும். செய்தி சரியாக இருந்தே ஆக வேண்டிய நேரத்தில்தான் தவறாகும்படி அமைந்த பிழை இது.

இதில் ஸ்ட்ரெரர் யாரையும் ஏமாற்றவில்லை. அது த்ரெட்களுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையின் 2008 பதிப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. சி மொழிக்கான சி11 தரநிலையும் அதையேதான் சொல்கிறது. ஜிலிப்சியின் ஆவணத்திலும் பழைய பதிப்புகளுக்கு அது பாதுகாப்பற்றது என்றே குறிப்பு இருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

பெட்டியைத் தயாரித்த கம்பெனியின் லைப்ரரி தரும் சொந்த எண்களை ஸ்ட்ரெரருக்குக் கொடுத்ததே தவறு என்று சிலர் சொல்வார்கள். சரிதான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அப்படிச் செய்யாதவர்களும் இந்தச் சிலேட்டைத் தொடுவார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் மட்டும் புழங்க வேண்டிய 524 என்ற எண் சில நேரம் வெளியே கசிந்துவிடும். "அன்னோன் எர்ரர் 524" என்ற வரியைக் கர்னலுக்கு அருகில் வேலை செய்பவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த 524க்கும் இதே 1024 பைட்தான்.

என் மடிக்கணினியில் வரவில்லை

சோதிக்க ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதினேன். இரண்டு த்ரெட். ஒன்று 1017ஐயே கேட்டுக்கொண்டிருக்கும், மற்றது 1041ஐயே. வந்த செய்தியில் தான் கேட்ட எண் இல்லாவிட்டால் சத்தம் போட வேண்டும். என் மடிக்கணினியில் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. என் ஊகமே தப்போ என்று தோன்றிவிட்டது.

காரணம் எளிது, ஆனால் கண்ணில் படாதது. 2020 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.32ல் ஸ்ட்ரெரரை மாற்றி எழுதிவிட்டார்கள். அதிலிருந்து சிலேட்டு த்ரெட்டுக்கு ஒன்று. என் கணினியில் உபுண்டு 22.04, அதில் ஜிலிப்சி 2.35. செர்வரில் ஓடுவதோ ஆர்ஹெச்இஎல் 8 (ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்) வழியில் வந்த லினக்ஸ், அதில் 2.28. அதே குட்டி ப்ரோகிராமை உபுண்டு 20.04 கன்டெய்னருக்குள், அதாவது என் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் சூழலுக்குள், போட்டேன். அதில் 2.31. ஓட ஆரம்பித்த கையோடு திரை முழுக்கச் சத்தம். கன்டெய்னர் கர்னலைத்தான் பகிர்ந்துகொள்ளும், சி லைப்ரரி அதனதன் சொந்தம். அதனால் இந்த மாதிரி விஷயத்தைச் சோதிக்க அது போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2.32க்குப் பிறகும் ஸ்ட்ரெரர் கொடுக்கும் பாயின்டர் நிரந்தரமல்ல. அதே த்ரெட் அட்டவணையில் இல்லாத இன்னோர் எண்ணைக் கேட்டால், பழைய வாக்கியத்தின் இடத்தை விடுவித்துவிட்டுப் புதிதாக வாங்கும். ஆகவே ஒரே வரியில் இரண்டு தெரியாத எண்களுக்கு ஸ்ட்ரெரரை அழைத்தால், ஒரே ஒரு த்ரெட் இருந்தாலும் அது பிழைதான். பாயின்டரைப் பத்திரப்படுத்தி அப்புறம் பார்க்கலாம் என்று நினைப்பதும் பிழை. அடுத்த த்ரெட்டிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள், நம்மிடமிருந்து அல்ல.

த்ரெட்கள் மோதும் பிழைகளைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசர் கருவி இதை ஏன் பிடிக்கவில்லை என்று குழுவில் கேட்டார்கள். அது தன்னோடு கம்பைல் செய்த கோடைத்தான் முழுமையாகக் கவனிக்கும். சி லைப்ரரிக்குள் நடக்கும் எழுத்தை நம்முடைய கோடைப் போலப் பார்க்காது. கோடைப் படித்துப் பிழை காட்டும் கிளாங்-டைடி கருவியில் த்ரெட்களுக்கு ஒவ்வாத ஃபங்ஷன்களைக் காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு, அது ஸ்ட்ரெரரைப் பெயர் சொல்லியே பிடிக்கும். இப்போது அதை ரிவ்யூவில் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

முதல் திருத்தமும் அது சறுக்கிய இடமும்

பூட்டுப் போட்டுவிடலாமே என்பதுதான் முதலில் வந்த யோசனை. ஸ்ட்ரெரரைச் சுற்றி ஒரு மியூட்டெக்ஸ். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் பூட்டு நம் கோடுக்கு மட்டும்தான் தெரியும். நாம் இணைத்திருக்கும் மற்ற லைப்ரரிகள் பூட்டு இருப்பதே தெரியாமல் ஸ்ட்ரெரரை அழைக்கும். சி++க்கான லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ன் பழைய பதிப்புகளில் பிழைக் குறியீட்டிடம் செய்தி கேட்டால் உள்ளே அதுவும் ஸ்ட்ரெரரைத்தான் கூப்பிட்டது.

சரியான வழி ஸ்ட்ரெரர்_ஆர் (strerror_r). செய்தியை எழுத வேண்டிய இடத்தை, அதாவது பஃபரை, நாமே கொடுக்கிறோம். அவரவர் சிலேட்டு அவரவர் கையில். எங்கள் குழுவில் ஒருவர் பாசிக்ஸ் விளக்கத்தைப் படித்துப் பார்த்து ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டார்: ஃபங்ஷனின் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்கில் 256 பைட் பஃபர், ஸ்ட்ரெரர்_ஆருக்கு எண்ணையும் பஃபரையும் கொடு, பிறகு பஃபரை அச்சிடு. பழைய கன்டெய்னரில் 1017, 1041 சோதனையை ஓட்டினோம். சத்தமே இல்லை. ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தது நான்.

சோதனைச் செர்வரில் மறுநாள் இந்த வரி வந்தது.

மாதவரம்-1: இணைக்க முடியவில்லை, குறியீடு 111: அன்னோன் எர்ரர் 1017

வயிற்றில் புளியைக் கரைத்தது. மறுபடியும் எண் இரண்டு. திருத்தம் வேலை செய்யவில்லையா? இதில் இன்னும் மோசம், 111 அட்டவணையில் இருக்கிற எண். அதற்கு "அன்னோன்" என்றே வரக்கூடாது. சில வரிகளில் செய்தி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, சிலவற்றில் படிக்க முடியாத குப்பை.

ஸ்ட்ரெரர்_ஆர் என்ற ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. இதைத்தான் நாங்கள் அறிந்திருக்கவில்லை. 2001 பாசிக்ஸில் வந்தது ஒன்று: அது முழு எண்ணைத் திருப்பும், வெற்றி என்றால் பூஜ்யம், செய்தி எப்போதும் பஃபரில் இருக்கும். ஜிலிப்சியின் குனு வகை இன்னொன்று: அது பாயின்டரைத் திருப்பும். செய்தி அந்தப் பாயின்டர் காட்டும் இடத்தில்தான் இருக்கும், அது நாம் கொடுத்த பஃபராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்த எண் என்றால் மாறாத அட்டவணையின் முகவரியையே கொடுத்துவிட்டு பஃபரைத் தொடாமல் விட்டுவிடும். தெரியாத எண்ணுக்குத்தான் பஃபரில் எழுதும். எந்த வகை வரும் என்பதைக் கம்பைல் செய்யும்போது இருக்கும் மேக்ரோக்கள், அதாவது கம்பைலருக்கான அமைப்புப் பெயர்கள், முடிவு செய்கின்றன. _குனு_சோர்ஸ் என்ற மேக்ரோ இருந்தால் குனு வகை. லினக்ஸில் ஜி++ கம்பைலர் அந்த மேக்ரோவைத் தானாகவே வைத்துவிடும். சி++ எழுதுபவருக்கு அவர் கேட்காமலே குனு வகைதான் கிடைக்கும்.

இப்போது அந்த வரியைப் பாருங்கள். 111 தெரிந்த எண், எனவே பஃபர் தொடப்படவில்லை. நாங்களோ திரும்பி வந்த பாயின்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு பஃபரை அச்சிட்டோம். பஃபருக்குத் தொடக்க மதிப்பும் கொடுக்கவில்லை. ஸ்டாக்கில் அதே இடத்தில் அந்த த்ரெட் சற்றுமுன் 1017க்கு எழுதிய வாக்கியம் அழியாமல் கிடந்தது. அதுவே மறுபடி அச்சாயிற்று. முன்பு வந்தது அடுத்த த்ரெட்டின் செய்தி, இப்போது வந்தது அதே த்ரெட்டின் பழைய செய்தி. நோய் வேறு, அறிகுறி ஒன்று. எங்கள் சோதனையில் 1017ம் 1041ம் மட்டுமே இருந்தன, இரண்டும் தெரியாத எண்கள். குனு வகை பஃபரில் எழுதும் ஒரே பாதையை மட்டும் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு நிம்மதி அடைந்திருக்கிறோம்.

கம்பைலர் எச்சரித்திருந்தது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஜிலிப்சியின் ஹெடரில் குனு வகையின் திருப்பு மதிப்பைப் புறக்கணித்தால் எச்சரிக்கை வரும்படி குறித்திருக்கிறார்கள். அது ஃபோர்டிஃபை என்ற கூடுதல் பாதுகாப்பு இயங்கும் பில்டில் தெரியும். உபுண்டுவின் கம்பைலர் ஆப்டிமைஸ் செய்யும்போது அதைத் தானாகவே இயக்கும். எங்கள் ரிலீஸ் பில்டின் வெளியீட்டில் அந்த எச்சரிக்கை இருந்தது. அதற்கு மேலும் கீழும் யாரும் படிக்காத பல எச்சரிக்கைகள். மற்றவற்றைக் கூட்டித் துடைத்துவிட்டு, இந்த ஒரு வகையைப் பில்டையே நிறுத்தும் பிழையாக்கினோம்.

நின்ற திருத்தம்

இரண்டு வகையையும் ஏற்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினோம். சி++ல் இதற்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு துணை ஃபங்ஷன்கள், ஒன்று முழு எண்ணை வாங்கும், மற்றது பாயின்டரை வாங்கும். ஸ்ட்ரெரர்_ஆர் திருப்பியதை அப்படியே அதற்குக் கொடுத்தால் எது பொருந்துமோ அதைக் கம்பைலரே தேர்ந்தெடுக்கும். பாயின்டர் வந்தால் அதுதான் செய்தி. முழு எண் வந்து அது பூஜ்யமாக இருந்தால் பஃபர்தான் செய்தி. பூஜ்யம் இல்லையென்றால் "பிழை எண் இன்னது" என்று நாமே பஃபரில் எழுதிக்கொள்கிறோம். மேக்ரோவைச் சோதிக்கும் சிக்கல் இல்லை. அல்பைன் லினக்ஸில் கம்பைல் செய்தாலும் ஓடும். அங்கே இருக்கும் மஸ்ல் லைப்ரரியில் பாசிக்ஸ் வகை மட்டும்தான் உண்டு. அழைப்பதற்கு முன் பஃபரின் முதல் பைட்டைப் பூஜ்யமாக்குகிறோம், வேறு எது தவறினாலும் பழைய வாக்கியம் திரும்ப வரக்கூடாது என்பதற்காக.

ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும், தோற்ற அழைப்பின் பிழை எண் இருக்கும் எர்னோவை எடுத்து வைத்து, வெளியேறும்போது திருப்பி வைக்கிறோம். எர்னோ த்ரெட்டுக்கு ஒன்று என்பது பலருக்கும் தெரியும், அதனாலேயே அது பத்திரமானது என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. அடுத்த த்ரெட் அதைக் கெடுக்காது. அதே த்ரெட்டில் நாம் அழைக்கும் அடுத்த ஃபங்ஷன் கெடுக்கும். எங்கள் கோடில் ஓரிடத்தில் நேரத்தை வடிவமைக்கும் ஃபங்ஷனும் எர்னோவைப் படிப்பதும் லாக்குக்குத் தரும் மதிப்புகளாக ஒரே அழைப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதை முதலில் கணக்கிடுவது என்பதை சி++ நமக்கு உறுதியாகச் சொல்வதில்லை. நேரம் முதலில் போய், உள்ளே ஏதாவது ஃபைலைத் திறக்க முயன்று தோற்றால் எர்னோ மாறிவிடும். இப்போது விதி ஒன்றுதான்: தோற்ற அழைப்புக்கு அடுத்த வரியிலேயே எர்னோவை ஒரு மாறியில் பிடித்துக்கொள். மற்றதெல்லாம் அப்புறம்.

கம்பெனி லைப்ரரியின் எண்களுக்கு வருகிறேன். 1017 லினக்ஸின் பிழை எண்ணே அல்ல. அதை ஸ்ட்ரெரரிடம் கேட்டால் "தெரியாது" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. அந்த "தெரியாது"வை ஆண்டுக்கணக்கில் லாக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது பிழை என்பது எங்கள் கோடில் இரண்டு பகுதிகள்: யாருடைய எண், என்ன எண். சி++ன் எர்ரர் கோட் வகை இதே அமைப்பில்தான் இருக்கிறது. சிஸ்டம் எண் என்றால் மேலே சொன்ன ஃபங்ஷன். பெட்டி எண் என்றால் எங்கள் சொந்த அட்டவணை, மாறாதது, தமிழிலேயே எழுதியது: 1017, அறைக்கு மின்சாரம் இல்லை. திரை இனிமேல் செய்தியைப் படிக்காது. எண்ணைத்தான் படிக்கும், அதுவும் தனிப் புலத்தில். செய்தி மனிதருக்கு.

ஜிலிப்சியின் அச்சிடும் ஃபங்ஷன்களான பிரிண்ட்எஃப் குடும்பத்தில் சதவீதக் குறியோடு எம் (%m) போட்டால் அப்போதைய எர்னோவின் செய்தியைத் தன் சொந்த இடத்தில் கட்டி எழுதிவிடும். சின்ன ப்ரோகிராமுக்கு அது போதும். எர்னோ அந்த நேரத்தில் என்னவாக இருக்கிறதோ அதைத்தான் எழுதும் என்பதால் எங்களுக்குப் போதவில்லை.

நிறுத்தச் சொல்லும் சிக்னல் வந்தால் அதைக் கையாளும் ஃபங்ஷனிலும் ஒரு ஸ்ட்ரெரர் இருந்தது. அங்கே ஸ்ட்ரெரர்_ஆரும் கூடாது. சிக்னல் கையாளும் ஃபங்ஷனுக்குள் அழைக்க அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இரண்டுமே இல்லை. என்ஜின்எக்ஸ் வெப் செர்வர் இதற்காகவே தொடங்கும்போது எல்லாச் செய்திகளையும் கேட்டுத் தன் அட்டவணையில் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. காரணத்தையும் சோர்ஸில் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்த இடத்தில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டோம்.

சோதனையையும் மாற்றினோம். தெரிந்த எண்ணும் தெரியாத எண்ணும் கலந்து, பல த்ரெட்களில், 2.28, 2.31, 2.35, மஸ்ல் என நான்கு கன்டெய்னர்களிலும் ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் பஃபரை வேண்டுமென்றே குப்பையால் நிரப்பிவிட்டுத்தான் அழைக்க வேண்டும். முதல் திருத்தத்தை இதில் போட்டுப் பார்த்தோம், முதல் ஓட்டத்திலேயே விழுந்தது.

இன்னும் மூடாத இடம்

நம் கோடில் ஸ்ட்ரெரர் இல்லை. கம்பெனி கொடுத்த லைப்ரரியில் இருக்கிறது. அது வெளியிலிருந்து எதிர்பார்க்கும் பெயர்களை என்எம் கருவியால் பட்டியலிட்டோம், அதில் ஸ்ட்ரெரர் இருந்தது. தனக்கென ஒரு லாக் எழுதும்போது பயன்படுத்துகிறார்கள் போல. சோர்ஸ் இல்லாததால் நாம் மாற்ற முடியாது. அவர்களுக்கு எழுதியிருக்கிறோம்.

அதுவரைக்கும் ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறோம். எங்கள் ப்ரோகிராமிலேயே ஸ்ட்ரெரர் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷனை வைத்து, உள்ளே த்ரெட்டுக்கு ஒரு பஃபர் கொடுத்து, எங்கள் பாதுகாப்பான ஃபங்ஷனை அழைக்கிறோம். ஃபங்ஷன் பெயர்களை ஓடும்போது இணைக்கும் டைனமிக் லிங்கர் முதலில் ப்ரோகிராமில் தேடும் என்பதால் லைப்ரரியின் அழைப்பும் இங்கேதான் வந்து சேரும். தரநிலை தனக்கென ஒதுக்கிக்கொண்ட பெயரை நாம் எடுத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வேலையல்ல. ரிவ்யூவில் அதை மறுத்தவரின் வாதம் நியாயமானது, அதையும் கோடில் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறோம். செர்வர்களை ஆர்ஹெச்இஎல் 9 வழிக்கு மாற்றும்போது ஜிலிப்சி 2.34 வந்துவிடும், அன்று இந்த ஒட்டை எடுத்துவிட வேண்டும் என்று டிக்கெட் திறந்திருக்கிறது.

டிசம்பரில் மறுபடி ஒரு ராத்திரி கரண்ட் போனது. காசிமேடு-3, 1017, அறைக்கு மின்சாரம் இல்லை என்று திரையில் வந்தது. கள ஊழியருக்கு நான் போன் செய்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கரண்ட்டா, ப்ரோபா?"

"கரண்ட்தான் அண்ணே. கிடங்குக்காரர்கிட்ட சொல்லிட்டேன், ஜெனரேட்டர் போட்டுட்டார். நீங்க வர வேண்டாம்."